காற்றை அளந்த அன்னா மணி

கிழக்கேகோட்டையில் மேத்தன் மணி காலத்தை அளந்து சொல்கிறது. அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் சங்குமுகம் கடற்கரை. கடல் சீறி எழுந்து அங்குள்ள சாலையையே அரித்துச் சென்றதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கடல் ஏன் சூடேறுகிறது? பருவமழை ஏன் முறை மாறுகிறது? விடை காண முதலில் வெயிலையும் காற்றையும் பிழையின்றி அளக்க வேண்டும். அதற்குரிய கருவிகளை நம் நாட்டிலேயே செய்வித்தவர் அன்னா மணி.

அவர் 1918 ஆகஸ்டு 23 அன்று பீர்மேட்டில் பிறந்தார். தேயிலைத் தோட்டங்களில் நம்மவர் பலர் உழைத்த மலையூர் அது. எட்டாம் பிறந்தநாளில் வைரத்தோடு வேண்டா எனக் கூறிக் கலைக்களஞ்சியத்தைக் கேட்டுப் பெற்றார். ஆயினும் வைரம் அவரை விடவில்லை! சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபின், பெங்களூருவில் சர் சி. வி. இராமனிடம் வைரத்தின் ஒளிப்பண்புகளையே ஆராய்ந்தார். ஒரு நிழற்படம் பதிவாகப் பதினைந்து, இருபது மணிநேரம் ஆகும். ஆய்வுக்கூடத்திலேயே உறங்கிய இரவுகள் பல. ஐந்து கட்டுரைகள் வெளிவந்தன. ஆனால் முதுகலைப் பட்டம் இல்லை என்று காட்டிச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தர மறுத்தது. அவர் மனம் தளரவில்லை. 1945-இல் இலண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார்.

1948-இல் திரும்பிப் புணேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானி போன்ற எளிய கருவிகளுக்கும் அந்நாளில் அயல்நாட்டையே நம்ப வேண்டியிருந்தது. ஏறத்தாழ நூறு கருவிகளுக்குச் செம்மையான வரைபடங்கள் ஆயத்தம் செய்து, அவற்றை இங்கேயே செய்ய வழிவகுத்தார். தவறாக அளப்பதைவிட அளவாதிருப்பதே மேல் என்பது அவர் கொள்கை. 1957-58-இல் நாடெங்கும் கதிரவன் வெப்பத்தை அளக்கும் நிலையங்களை அமைத்தார். அவ்வெப்பத்தால் நிலம் விரைந்தும் கடல் மெல்லவும் சூடேறுவதால்தான் தென்மேற்குப் பருவக்காற்று பிறக்கிறது. புவியில் இன்று மிகையாகச் சேரும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடலே விழுங்கிக்கொள்கிறது.

சங்குமுகத்துக்கு வடக்கே தும்பா மீனவச் சிற்றூர். 1963-இல் அங்கு ஏவுதளம் உருவானபோது, விக்ரம் சாராபாயின் வேண்டுகோளை ஏற்று வானிலை ஆய்வகமும் கருவிக் கோபுரமும் அமைத்துக் கொடுத்தார். காற்றின் போக்கை அறியாமல் சிறு ஏவூர்தியைச் செலுத்தினால் அது திசை மாறிவிடும் அல்லவா?

பின்னர், பலூனில் ஏற்றி ஓசோனை அளக்கும் கருவியையும் அவர் குழுவினர் உருவாக்கினர். ஓசோன் படலம் மெலிந்தால் புற ஊதாக்கதிர் கடல்நீரில் ஊடுருவி நுண்பாசிகளைக் கெடுக்கும். மீன்களின் உணவு குன்றும்.

1976-இல் ஓய்வு பெற்ற பின்னும் ஓயாமல், நாடெங்கும் காற்றின் வேகத்தைக் கணக்கெடுத்து நூலாக்கினார். 2001 ஆகஸ்டு 16 அன்று திருவனந்தபுரத்தில் மறைந்தார். விடுமுறையில் நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலி செல்லும்போது, ஆரல்வாய்மொழிக் கணவாயில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் சுழல்வதைக் காண்பீர்கள். காற்று எங்கே, எவ்வளவு வீசுகிறது என்னும் கணக்கு இல்லாமல் அத்தகைய ஆலைகளை நட இடம் தேர்ந்திருக்க முடியாது.