உருண்டைக் கல்லுக்குள் மீன் முள்! - மேரி ஆனிங் உடைத்த ரகசியம்

கடற்கரையில வித்தியாசமா ஒரு கல் கிடைச்சா என்ன பண்ணுவீங்க? போட்டோ எடுத்துட்டுத் தூக்கிப் போட்டுடுவோம். மேரி ஆனிங் அதை உடைச்சுப் பார்த்தாங்க.

1799-ல் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் ஊரில், ஏழைத் தச்சர் வீட்டில் பிறந்தவர் மேரி. 1810-ல் அப்பா இறந்துபோக, மிஞ்சியது கடன்தான். கடலோரப் பாறை சரியும்போது வெளிவரும் புதைபடிவங்களைப் பொறுக்கி விற்றுத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. 1811-ல் அண்ணன் ஜோசப் பெரிய மண்டையோடு ஒன்றைக் கண்டெடுத்தார். அடுத்த வருஷம் மீதி எலும்புகளைத் தேடிப் பிடித்தார் மேரி. அது இக்தியோசார் என்ற கடல்வாழ் ஊர்வன.

அந்தக் கரையில் உருண்டைக் கற்களும் கிடைக்கும். ஆட்டு வயிற்றில் உருவாகும் 'பெசோவார்' கல் மாதிரி இருக்குனு, அதே பேர்லயே கூப்பிட்டாங்க. மேரி ரெண்டு விஷயத்தைக் கவனிச்சாங்க. இந்தக் கற்கள் இக்தியோசாரின் வயிற்றுப் பகுதியிலேயே கிடைக்குது. உடைச்சா, உள்ளே மீன் எலும்பும் செதிலும்! அப்போ இது சும்மா கல் இல்லை; கல்லாகிப்போன சாணம். இந்தக் கவனிப்பைக்கொண்டுதான் 1829-ல் வில்லியம் பக்லேண்ட் அதற்கு 'காப்ரோலைட்' என்று பெயர் வைத்தார்.

தோற்றம் மட்டும் போதாது. எங்கே கிடைச்சது, உள்ளே என்ன இருக்கு? மேரி கேட்ட அந்தக் கேள்விகள்தான் இன்னைக்கும் முக்கியம்.

1833-ல் பாறைச் சரிவு அவருடைய நாய் ட்ரேயைக் கொன்றது. மேரி மயிரிழையில் தப்பினார். ஆனாலும் தேடுவதை நிறுத்தவில்லை. லண்டன் புவியியல் கழகமோ பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவே இல்லை. 1847-ல், 47 வயதில் புற்றுநோயால் இறந்தார். அந்தக் கழகத்தின் கூட்டங்களில் பெண்கள் கலந்துகொள்ளவே 1904 வரை ஆனது.