பசியைத் தேடி வந்த சோறு



ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள். அன்று பெருந்தலைவர் காமராசர் படத்துக்கு மாலை போடுகிறோம், பேச்சுப் போட்டி நடத்துகிறோம். அணை கட்டினார், பள்ளிக்கூடம் திறந்தார் என்று எல்லோரும் பேசுகிறோம். நான் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் எழுதப் போகிறேன். அதுதான் சோறு!

நம்ம மதுரையிலிருந்து தெற்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் விருதுநகர் வந்துவிடும். அங்கேதான் 1903 ஜூலை 15 அன்று குமாரசாமி, சிவகாமி அம்மாள் தம்பதிக்கு அவர் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துபோனார். அம்மாதான் கஷ்டப்பட்டு வளர்த்தார்.

அவர் படித்த சத்திரிய வித்தியாசாலையைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா? அது பிடி அரிசியால் நடந்த பள்ளிக்கூடம். வீட்டில் சோறு வடிக்க அரிசி எடுக்கும்போது, பள்ளிக்கூடத்துக்கு என்று ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அப்படி வீடு வீடாகச் சேர்ந்த அரிசியால் பிள்ளைகளுக்கு இலவசமாகப் படிப்பு கிடைத்தது. ஒரு பிடி அரிசி குறைந்தால் எந்த வீட்டிலும் உலை கொதிக்காமல் நின்றுவிடாது. ஆனால் ஊரே ஒவ்வொரு பிடி போட்டால் ஒரு பள்ளிக்கூடமே நடக்கும்! இந்தப் பாடத்தைக் காமராசர் புத்தகத்தில் படிக்கவில்லை, கண்ணால் பார்த்தே படித்துக்கொண்டார் என்று நான் நினைக்கிறேன்.

அவருடைய படிப்பு 6ஆம் வகுப்போடு நின்றுபோனது. மாமாவின் துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். பிறகு சுதந்திரப் போராட்டத்தில் குதித்தார். 1930ல் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போனார். அதற்குப் பிறகும் பல தடவை சிறை. மொத்தம் சுமார் 9 வருடம் சிறையிலேயே கழிந்தது. கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.

1954 ஏப்ரலில் முதலமைச்சர் ஆனார். முந்தைய வருடம் கொண்டுவந்த அரை நேரப் பள்ளித் திட்டத்தை உடனே விலக்கினார். ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். அப்படியும் ஏழைப் பிள்ளைகள் பலர் பள்ளிக்கு வரவில்லை. ஏன்?

இதற்குப் பெரியவர்கள் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். எங்க தாத்தாவும் சொல்லுவார். ஊர்ப்பயணம் போகும்போது ஆடு மேய்க்கிற பையனைப் பார்த்துக் காரை நிறுத்தினாராம். ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டாராம். பள்ளிக்கூடம் போனால் சோறு யார் போடுவார்கள் என்று அந்தப் பையன் திருப்பிக் கேட்டானாம். அது எந்த ஊர் என்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கேள்வி அன்றைக்கு எல்லா ஊரிலும் இருந்தது.

நண்பர்களே, அதற்கு முன்னால் பெரும்பாலும் பசித்தவர்கள்தான் சோற்றைத் தேடி அலைய வேண்டும். 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்தில் நம்ம மதுரைச் சீமையிலும் ஜனங்கள் கஞ்சித்தொட்டியைத் தேடி நடந்தார்கள். மற்ற நாளில் சத்திரத்துக்கோ கோயிலுக்கோ போய்க் கையேந்த வேண்டும். காமராசர் இதைத் திருப்பிப் போட்டார். பிள்ளை சோற்றைத் தேடிப் போக வேண்டாம், பிள்ளை இருக்கிற இடத்துக்குச் சோறு வரட்டும் என்று முடிவு செய்தார்.

ஆனால் அரசாங்கத்திடம் அவ்வளவு பணம் இல்லை. கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு துணை நின்றார். முதலில் ஊர் மக்களிடமே கேட்டார்கள். 1956ல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. மறு வருடம் மாநிலம் முழுவதும் அரசுத் திட்டம் ஆனது. செலவில் 100க்கு 60 பங்கு அரசு, 40 பங்கு ஊரார் கொடுத்தார்கள். பணம் உள்ளவர் பணம், நெல் உள்ளவர் நெல், காய்கறி உள்ளவர் காய்கறி. பழைய பிடி அரிசிதான் பெரிய அளவில் திரும்பி வந்தது! சாப்பாட்டோடு சீருடையும் தந்தார்கள். உடுப்பைப் பார்த்து ஏழை, பணக்காரன் என்று பிரிக்க முடியாது அல்லவா?

1963ல் அவராகவே முதலமைச்சர் பதவியை விட்டார். 1975ல் காந்தி ஜெயந்தி அன்று காலமானார். 6ஆம் வகுப்போடு நின்றவர் பெயரில் இன்று நம்ம ஊரில் மதுரை காமராசர் பல்கலைக்கழகமே இருக்கிறது.

அவர் போன பிறகும் அந்தச் சோறு நிற்கவில்லை. 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். 2001ல் உச்ச நீதிமன்றம் இந்தியா முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தரச் சொன்னது. 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் 1,545 பள்ளிகளுக்கு என்று தொடங்கியது. எங்கே தெரியுமா? நம்ம மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்!

கடைசியாக ஒன்று சொல்கிறேன். மதியம் நானும் தட்டு எடுத்துக்கொண்டு அந்த வரிசையில்தான் நிற்கிறேன். சிலபேர் தட்டைப் பைக்குள் மறைத்து எடுத்துட்டு வர்றாங்க. சிலபேர் வெட்கப்பட்டுக்கிட்டு வராமலே பட்டினி கிடக்கிறாங்க. அவங்களைக் கேலி செய்யிறவங்களும் உண்டு. அவங்க எல்லோருக்கும்தான் இதை எழுதினேன். இது யாரோ போடுகிற பிச்சை இல்லீங்க. எத்தனையோ வீட்டுக்காரர்கள் போட்ட பிடியில் வளர்ந்தது. வரிசையில் நிற்பது வெட்கம் இல்லை. பக்கத்தில் ஒருவன் பசியோடு இருப்பது தெரிந்தும் சும்மா இருப்பதுதான் வெட்கம்.

உங்கள் வகுப்பில் யாராவது சாப்பிடாமல் இருந்தால், சத்தம் போடாமல் கையைப் பிடித்துக் கூட்டிட்டு வாங்க. வீட்டில் கஷ்டம் என்றால் வகுப்பு ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்க. பெருந்தலைவருக்கு மாலை போடுவதை விட அதுவே பெரிய மரியாதை.



இப்படிக்கு,
8ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு