ச. வெ. இராமன்

சர் சந்திரசேகர வெங்கட இராமன் (நவம்பர் 7, 1888 - நவம்பர் 21, 1970) தமிழகத்தில் பிறந்த இயற்பியலாளர் ஆவார். ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். அதற்கு முன்பே இசைக்கருவிகளின் ஒலியியலில் முக்கிய ஆய்வுகளைச் செய்திருந்தார். ஒரு கருவியின் ஒலித்தரத்தை அதன் எந்த உறுப்பு தீர்மானிக்கிறது என்பது அவ்வாய்வுகளில் மீண்டும் மீண்டும் எழும் கேள்வியாகும்.

வாழ்க்கை

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். கல்லூரி ஆசிரியரான தந்தை சந்திரசேகர ஐயர் வயலின் வாசிப்பவர். மனைவி லோகசுந்தரி வீணை வாசிக்கக் கற்றவர். சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்று, 1907 இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வுகள் செய்தார். 1917 இல் அரசுப் பணியைத் துறந்து, குறைந்த ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

வயலின்

வில்லால் இழைக்கப்படும் கம்பிகளின் அதிர்வு பற்றிய இவரது நூல் 1918 இல் வெளிவந்தது. வாசிப்பவரின் கைத்திறன் அளவீட்டைப் பாதிக்காதிருக்க, வயலினை இயந்திரத்தால் ஒலிக்கச் செய்தார். வில்லின் வேகம், அழுத்தம், அது கம்பியைத் தொடும் இடம் ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் மாற்றி, ஏனையவற்றை மாறாமல் வைத்து அளந்தார்.

வீணையும் தம்புராவும்

ஒரு கம்பியை மீட்டும் இடத்தில் எந்த மேற்சுரத்துக்கு அதிர்வற்ற கணு அமைகிறதோ, அம்மேற்சுரம் ஒலிக்காது என்பது பழைய விதி. வீணையிலும் தம்புராவிலும் இவ்விதி பொருந்தவில்லை என 1921 இல் இராமன் காட்டினார். கம்பியைத் தாங்கும் குதிரையின் வளைந்த மேற்பரப்பே இதற்குக் காரணம். தம்புராவில் குதிரைக்கும் கம்பிக்கும் இடையே செருகப்படும் நூலும் இதற்குத் துணைபுரிகிறது.

மிருதங்கம்

சீரான தோலின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14 என முழு எண் மடங்குகளாக அமைவதில்லை. ஆகவே தோற்கருவிகளின் ஒலி இசையொழுங்கு அற்றது எனக் கருதப்பட்டது. மிருதங்கமும் தபலாவும் இதற்கு விலக்கு என்பதைச் சிவகாளி குமாருடன் இணைந்து 1920 இல் இராமன் வெளியிட்டார். 1934 ஆம் ஆண்டுக் கட்டுரையில், தோலின் மீது மணலைத் தூவி அதிர்வு வடிவங்களை விளக்கினார். ஒன்பது அதிர்வு முறைகள் இணைந்து, 1 முதல் 5 வரையிலான மடங்குகளில் ஐந்து சுரங்களைத் தருகின்றன. வலந்தலையின் நடுவில் படிப்படியாகப் பூசப்படும் கருநிறச் சோறு தோலின் எடையைச் சீர்செய்வதாலேயே இது நிகழ்கிறது. கருவி செய்வோர் செவியால் மட்டுமே கண்டறிந்து பேணிவந்த நுட்பத்துக்கு இவ்வாறு இயற்பியல் விளக்கம் கிடைத்தது.

பிற்காலம்

1933 இல் பெங்களூர் சென்று இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். 1948 இல் அந்நகரில் இராமன் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1954 இல் பாரத ரத்னா விருது பெற்றார். பெங்களூரில் காலமானார்.