மணியோசையோடு வந்த சவேரியார்

பாரிஸ் பல்கலைக்கழகத்தில் அரிஸ்டாட்டிலின் தத்துவம் போதித்த ஆசிரியர், 1542-ஆம் ஆண்டில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, பேச்சு வராத பிள்ளைபோல் நின்றார். நவார் நாட்டில் 1506-ல் பிறந்த புனித பிரான்சிஸ்கு சவேரியாருக்கு அப்போது வயது 36. சில ஆண்டுகளுக்கு முன்னரே ஞானஸ்நானம் பெற்றிருந்த பரதவ மக்களுக்குச் செபம் சொல்லித்தர ஆளில்லை. இவருக்கோ தமிழ் தெரியாது.

மொழி முழுவதையும் கற்றபின் பேசலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. இரு மொழியும் அறிந்தோரைக் கூட்டி, மிகுந்த சிரமத்தோடு சில செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். அவ்வளவுதான் அவர் கைமுதல். மணியை ஆட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். ஒரு மாதம், நாளுக்கு இருமுறை கற்பித்தார். பிள்ளைகள் அதை வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஞாயிறுதோறும் ஊரே கூடி, அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னது.

பிழையும் நேர்ந்தது. விசுவாசப் பிரமாணத்தில், விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல் புகுந்திருந்தது. ஊர் ஊராக எத்தனை முறை அப்படியே ஒலித்திருக்கும்! 1544-ல் தம் தோழர் மான்சிலாஸுக்குக் கடிதம் எழுதி அதைத் திருத்தச் சொன்னார். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்க அழைத்தால் தூணுக்குப் பின் ஒதுங்கும் நம் பங்கு இளைஞர்கள் இந்தக் கடிதத்தை அறிந்திருந்தால் நல்லது என்று எண்ணுகிறோம்.

1549-ல் ஜப்பானில் மறுபடியும் அரிச்சுவடி. சீனாவுக்குள் நுழையக் காத்திருந்த சான்சியன் தீவில், 1552 டிசம்பர் 3-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.