கற்பிக்க வந்தார், கற்றுக்கொண்டார்!

சென்னைக் கடற்கரைச் சாலையில் நிற்கும் மாநிலக் கல்லூரியையும், பல்கலைக் கழகத்தின் செனட் மண்டபத்தையும் காணாத தொழிலாளத் தோழர் உண்டா? இரண்டையும் வரைந்த கை ஒன்றே. ராபர்ட் சிஷோம் என்ற ஆங்கிலேயரின் கை அது. 1915-ல் மறைந்த அவருடைய கதையை நாம் ஏன் இன்று எடுக்கிறோம்? காரணம் இருக்கிறது.

1864-ல் அவ்விரு கட்டடங்களுக்கும் வரைபடம் கேட்டு அரசு போட்டி வைத்தது. வென்றவர், முப்பது வயதை எட்டாத சிஷோம். முதலில் எழுந்தது கல்லூரி, 1870-ல் திறந்தார்கள். இத்தாலி நாட்டு மாதிரி அது! கற்ற பாடத்தை அப்படியே நம் மணலில் இறக்கி வைத்தார்.

பிறகு வந்தது சேப்பாக்கம் வேலை. 1855-ல் நவாபு மறைந்தபின் அரண்மனை அரசின் கைக்குப் போயிருந்தது. அதனோடு இசையக் கட்ட வேண்டும். அப்போதுதான் அவர் இந்நாட்டுக் கட்டடங்களை உற்றுப் பார்த்தார். பார்வை மாறிற்று, பாணியும் மாறிற்று. 1879-ல் முடிந்த செனட் மண்டபத்தில் கீழ்நாட்டுக் கலை தலைநிமிர்ந்தது. 1880-ல் முடிந்த திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தில் மலையாள நாட்டுச் சாய்கூரையும் காற்றோட்டமும் இடம் பெற்றன. சென்னைக் கலைத்தொழிற் பள்ளிக்கு 1877 முதல் தலைமை தாங்கியபோது, நாட்டுக் கைவினைக்கு ஆதரவு தந்தார்.

அவரும் ஆதிக்க அரசின் ஊழியர்தான், மறக்கவில்லை நாம். அவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. சுண்ணாம்பு அரைத்தவள் பெயர், செங்கல் சுமந்தவன் பெயர் எங்கே? ஆயினும், கற்பிக்க வந்தவர் கற்றுக்கொண்டார் என்பதை மறைப்பது நேர்மையாகாது.

இப்போது திருப்பெரும்பூதூருக்கு வாருங்கள். ஒரகடம் வரை தொழிற்கூடங்கள்! காரும் கைப்பேசியும் பிறக்கும் பூமி. அவற்றைச் செய்யும் கைகள் இரவில் எங்கே ஓய்கின்றன? 2021 டிசம்பரில், விடுதி உணவால் நோயுற்ற தோழியருக்காகப் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்ததை நாடு கண்டது. 2024-ல் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. நல்லது, வரவேற்கிறோம். அது போதுமா? போதாது!

இனி எழும் ஒவ்வொரு கூடத்துக்கும் விடுதிக்கும் நாம் வைக்கும் கோரிக்கை இதுதான்: வெயிலை அறிந்து கூரை போடுங்கள், காற்றுக்கு வழி விடுங்கள், வரைபடம் முடியுமுன், அதற்குள் உழைத்து உறங்கப் போகிறவனை ஒரு வார்த்தை கேளுங்கள். கடல் கடந்து வந்தவர் இந்த மண்ணிடம் பாடம் கேட்டார். இந்த மண்ணில் பிறந்தவர்கள் கேட்கக் கூடாதா?