கோப்பி நோயை ஆராய்ந்த மார்ஷல் வார்ட்

கம்பளையைச் சூழ்ந்த மலைகளில் இன்று தேயிலையைக் காண்கிறோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே செழித்தது கோப்பி. மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்த நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களை நாடியே வந்தனர். 1873இல் கம்பளைக்குப் புகையிரதம் வந்ததும் கோப்பியை நம்பித்தான்.

1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. சில ஆண்டுகளில் அந்நோய் மலைநாடெங்கும் பரவியது. மண் வளமிழந்ததே காரணம் என்றனர் சிலர். காலநிலையே காரணம் என்றனர் வேறு சிலர். பேராதனைப் பூந்தோட்டத்தில் பணியாற்றிய டானியேல் மொரிஸ், கந்தகமும் சுண்ணாம்பும் தூவும்படி ஆலோசனை கூறினார். 1879இல் அவர் ஜமேக்காவுக்குச் சென்றுவிட்டார்.

அடுத்த ஆண்டு நோயை ஆராய வந்தவரே ஹரி மார்ஷல் வார்ட். 1854இல் இங்கிலாந்தின் ஹியர்போர்ட் நகரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்ற இளைஞர். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் மிதந்துவரும் பங்கசு வித்திகளைப் பிடித்தார். அவை நீர்த்துளியில் முளைத்து, இலையின் நுண்துளைகள் வழியே உட்புகுவதைக் கண்டறிந்தார். நோய்க்குக் காரணம் அந்தப் பங்கசே என்று நிறுவினார். மலை மலையாக இடைவெளியின்றிக் கோப்பியையே நட்டதுதான் அது பரவ வழிவிட்டது என்றும் எடுத்துக்காட்டினார்.

ஆனால் தோட்டத் துரைமார் எதிர்பார்த்தது மருந்தை. கந்தகமும் சுண்ணாம்பும் நோயை ஒழிக்கமாட்டா, நிச்சயமான மருந்து எதுவும் இல்லை என்பதை வார்ட் மறைக்கவில்லை. ஓர் அறிஞர் நம்பிக்கையூட்டினார், மற்றவர் கைவிரித்தார். ஆராய்ச்சியால் என்ன பயன் என்று பலர் சலித்துக்கொண்டனர். 1882இல் வார்ட் தாயகம் திரும்பினார்.

1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் பாழாயின. கூலி கிடைக்காத தொழிலாளர் பலர் வெறுங்கையோடு இந்தியா திரும்பினர். கோப்பி இருந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. வார்ட் 1895இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியரானார். 1906இல் தமது 52ஆம் வயதில் காலமானார். பயிர்நோய் ஆராய்ச்சியின் முன்னோடிகளுள் ஒருவராக உலகம் இன்று அவரைப் போற்றுகிறது.

நோயின் காரணத்தை வார்ட் உறுதியாக அறிந்திருந்தார், மருந்தை அறிந்திருக்கவில்லை. இவ்விரண்டையும் அவர் பிரித்தே சொன்னார். கேட்டவர்களோ மருந்து இல்லை என்றதைக் கேட்டு, காரணத்தையும் ஐயுற்றனர்.

இது பழங்கதை மட்டுமன்று. 2020 டிசம்பரில், கொரோனாவைக் குணமாக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு பாணியைப் பெறக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். தெரியாததைத் தெரியாது என்ற வைத்தியர்களைவிட, எல்லாம் தெரியும் என்றவரின் சொல் அன்று இனித்தது. தனக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்துச் சொல்பவரே நம்பத் தகுந்தவர். இதை நம் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்போமாக.