டைரக்டர் பதவியை விட்டு ஜவாஜாவுக்குப் போனவர்

ஆமதாபாத் இந்திய நிர்வாகவியல் கழகத்தின் முதல் முழுநேர டைரக்டர் ரவி மத்தாய். 1927-ல் பிறந்தவர். சுதந்திர இந்தியாவின் முதல் ரயில்வே மந்திரி டாக்டர் ஜான் மத்தாயின் புதல்வர் என்றால் நம் ரயில்வேக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

ஆக்ஸ்போர்டில் படித்தார். கல்கத்தாவில் கம்பெனி உத்தியோகம் பார்த்தார். பிறகு ஆசிரியரானார். 1965-ல் ஆமதாபாத் பொறுப்பை ஏற்றபோது வயது 38. 1972-ல் தாமாகவே பதவியை விட்டு இறங்கி, அதே கழகத்தில் வெறும் பேராசிரியராகத் தொடர்ந்தார். நாற்காலியை விடாதவர்களையே பார்த்துப் பழகிய நமக்கு இது அதிசயம்தான்.

கம்பெனி நடத்தப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வித்தை ஏழைக் கிராமத்தானுக்கும் உதவ வேண்டும் என்பது அவர் எண்ணம். 1975-ல் ராஜஸ்தானில் பியாவர் பக்கமுள்ள ஜவாஜா வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தார். மழை பொய்க்கும் பூமி. தேசிய டிசைன் கழகத்தாரும் கூடச் சேர்ந்தனர்.

நெசவும் தோல் வேலையும் அங்குள்ளோருக்குக் கைவந்த தொழில். ஆனால் சரக்குக்கு விலை வைப்பவன் வேறொருவன். ஆகவே நகரத்தார் வாங்கும்படி விரிப்பும் பையும் செய்வது, கச்சாப் பொருள் பிடிப்பது, அடக்கவிலை போடுவது, கணக்கு வைப்பது, பாங்கிலும் வியாபாரியிடமும் பயமின்றிப் பேசுவது எல்லாமே அங்கு பாடமாயிற்று. இனாம் கொடுப்பது நோக்கமல்ல. வெளியார் விலகிய பின்னும் அவர்களே தொழிலை நடத்த வேண்டும். சொல்லித்தரப் போன பேராசிரியர்களும் அங்கே நிறையக் கற்றுக்கொண்டனர்.

1984-ல் மத்தாய் காலமானார். அதன் பிறகும் ஜவாஜா கைவினைஞர்களின் கூட்டமைப்பு விரிப்புகளும் தோல் பைகளும் செய்து விற்று வந்தது.